டேவிட் முதல் டர்னர் வரை: நியோகிளாசிக்கல், ரொமான்டிக் கலையைப் பார்க்கப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரோப்பியக் கலையில் சுமார் 1750 முதல் 1850 வரை உள்ள நூறு வருடங்களைப் பாடப்புத்தகங்கள் இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கும். முதல் பெட்டி நியோகிளாசிக்கல், அதாவது நவசெவ்வியல்: அறிவு, ஒழுங்கு, கோடு. இரண்டாவது ரொமான்டிக்: உணர்ச்சி, புயல், நிறம். தேர்வு எழுத இது போதும். படத்துக்கு முன்னால் போய் நின்றால் போதாது.

ரொமான்டிக் பெட்டியில் போடப்படும் ஸ்பானிய ஓவியர் கோயா, நியோகிளாசிக்கல் பெட்டியில் இருக்கும் பிரெஞ்சு ஓவியர் டேவிட்டைவிட இரண்டு வயது மூத்தவர். நியோகிளாசிக்கல் அணியின் தளபதியாகக் கொண்டாடப்பட்ட ஆங்க்ர், வாழ்நாள் முழுக்க விரும்பி வரைந்தது துருக்கி அந்தப்புரத்துப் பெண்களை. பெர்லினில் கிரேக்கக் கோயில் பாணியில் அருங்காட்சியகம் எழுப்பிய ஷிங்கெல், அதே வருடங்களில் கொஞ்ச தூரத்தில் ஒரு கோதிக் (கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால பாணி) தேவாலயமும் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று வரிசை போட்டால் இவர்களில் பாதிப் பேர் இடறுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஜோடி ஜோடியாகப் பார்க்கப் போகிறோம். எந்தப் படைப்பானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கண் எங்கே போய் நிற்கிறது? பார்க்கிற நம்மைக் கலைஞர் எங்கே நிறுத்தியிருக்கிறார்? மூன்றாவதுதான் முக்கியம். மற்ற இரண்டும் குழப்பும் இடத்திலும் அது கை கொடுக்கும்.

படி 1: பின்னணியைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை மூடிப்போட்ட இரண்டு ரோமானிய ஊர்களை 18-ஆம் நூற்றாண்டில் தோண்ட ஆரம்பித்தார்கள். 1738-ல் ஹெர்குலேனியம், 1748-ல் பொம்பெயி. அதுவரை எழுத்திலும் ஒற்றை ஒற்றைச் சிலைகளிலும் தெரிந்திருந்த பழைய உலகம் சுவர், தட்டு, விளக்கு, கட்டில் சகிதம் வெளியே வந்தது. 1755-ல் வின்கெல்மான் என்ற ஜெர்மானிய அறிஞர், கிரேக்கக் கலையின் உயிர் ‘உன்னதமான எளிமையும் அமைதியான மேன்மையும்’ என்று எழுதினார். அவர் கடைசிவரை கிரீஸ் போனதே இல்லை. போனவர்கள் ஸ்டுவர்ட், ரெவெட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். ஏதென்ஸ் கட்டடங்களை ஒவ்வொன்றாக அளந்து, 1762-ல் புத்தகமாகப் போட ஆரம்பித்தார்கள். கட்டடக் கலைஞர்களுக்கு அதுவே கையேடானது.

பழைய கிரேக்கச் சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். மண்ணுக்குள் கிடந்ததில் பெரும்பாலும் நிறம் போய்விட, மிஞ்சிய வெண்மையையே அந்தக் காலத்துக் கலை ஆர்வலர்கள் இலட்சியம் என்று எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியச் சிற்பி கனோவாவின் பளிங்குச் சிலைகள் பால் மாதிரி வெளுத்திருப்பதற்கு அந்த ரசனை ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் அரசியல். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி, 1793-ல் மன்னர் பதினாறாம் லூயியின் தலை போனது, 1804-ல் நெப்போலியன் பேரரசர், 1815-ல் வாட்டர்லூ போரில் அவர் தோல்வி, அதோடு பழைய மன்னர் குடும்பம் மறுபடி அரியணையில். ஒரு ஓவியர் முப்பது வயதில் வரைந்ததை ஐம்பது வயதில் ஒளித்துவைக்க வேண்டிய காலம். ரொமான்டிக் கலையின் கோபத்தையும் கசப்பையும் இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

தயாரிப்பாக ஒன்று செய்யுங்கள். படங்களைக் கைப்பேசியில் பார்க்காமல் பெரிய திரையில் பாருங்கள். பாரிஸின் லூவ்ர், மாட்ரிட்டின் பிராடோ ஆகிய இரண்டு அருங்காட்சியகங்களுமே தங்கள் தளத்தில் நல்ல தரத்தில் போட்டிருக்கின்றன. கூடவே அளவையும் பாருங்கள். படி 3-ல் வரும் ‘மெடூசாவின் தெப்பம்’ ஏறக்குறைய 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ‘பார்த்தாயிற்று’ என்று சொல்லக்கூடாது.

படி 2: டேவிட்டின் ‘ஹொராத்தியர் சபதம்’ படத்தில் தொடங்குங்கள்

ஜாக்-லூயி டேவிட் இதை 1784-ல் ரோமில் உட்கார்ந்து வரைந்தார். 1785-ல் பாரிஸின் சலான் கண்காட்சியில் வைத்தார்கள். கதை பழைய ரோமானியக் கதை. ரோமுக்கும் அல்பா நகருக்கும் சண்டை. இரண்டு படைகளும் மோதுவதற்குப் பதில், ஊருக்கு மூன்று சகோதரர்கள் இறங்கித் தீர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ரோம் பக்கம் ஹொராத்தியர், அந்தப் பக்கம் குரியாத்தியர். சிக்கல் என்னவென்றால் இரண்டு குடும்பமும் சம்பந்திகள். ஹொராத்தியரின் தங்கை கமில்லா, எதிரணிக்காரன் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். எதிரணியின் சகோதரி சபீனா, இந்த வீட்டு மருமகள்.

இப்போது படத்தைப் பாருங்கள். பின்னால் மூன்று வளைவுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழு: இடப்பக்கம் கை நீட்டி நிற்கும் மூன்று மகன்கள், நடுவில் மூன்று வாள்களை உயர்த்திப் பிடித்திருக்கும் அப்பா, வலப்பக்கம் துவண்டு கிடக்கும் பெண்கள். வளைவுகளைத் தாங்கும் தூண்களுக்கு அடிப்பீடம் கிடையாது, நேராகத் தரையிலிருந்து எழுகின்றன. அதுதான் கிரேக்கத்தின் பழைய டோரிக் முறை, இருப்பதிலேயே கறாரான தூண். தரைக் கல்லின் கோடுகளை மனதில் நீட்டிக்கொண்டே போனால், வாள்களைப் பிடித்திருக்கும் அந்தக் கையை ஒட்டிப் போய்ச் சேரும். நாம் எங்கே பார்க்க வேண்டும் என்பதை டேவிட் நமக்கு விட்டுவைக்கவில்லை.

ஆண்கள் முழுக்க நேர்க்கோடு: கால், கை, ஈட்டி, வாள். பெண்கள் முழுக்க வளைகோடு: சரிந்த தலை, தொங்கும் கை, துணி மடிப்பு. அவர்களுக்குப் பின்னால், நிழலில், வயதான பெண் ஒருத்தி இரண்டு குழந்தைகளை முக்காட்டுக்குள் அணைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டில் மூத்த பையன் மட்டும் அவள் விரல்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறான். படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அடுத்த தலைமுறை எதைக் கற்றுக்கொள்கிறது என்பது அந்தக் கண்ணில் இருக்கிறது. கதையின் முடிவும் தெரிந்திருக்கட்டும்: உயிரோடு திரும்பி வரும் ஒரே சகோதரன், செத்துப்போன மாப்பிள்ளைக்காக அழும் தங்கையைத் தானே வெட்டிக் கொல்கிறான்.

மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து சீராக வருகிறது. கண் வாளில் நிற்கிறது. நாம்? மேடைக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, நாடகம் பார்க்கிறவர்களாக. நம்மிடம் எதிர்பார்ப்பது கண்ணீர் இல்லை, தீர்ப்பு.

ஒரு எச்சரிக்கை. இதைப் புரட்சிப் படம் என்று பலர் எழுதுவார்கள். இது மன்னரின் கலைத்துறை கொடுத்த வேலை. புரட்சிக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. கேட்ட அளவைவிடப் பெரிதாக வரைந்ததைத் தவிர இதில் டேவிட்டின் கலகம் என்று எதுவும் இல்லை. புரட்சி வந்த பிறகுதான் மக்கள் இதில் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

படி 3: அடுத்து ‘மெடூசாவின் தெப்பம்’

1816 ஜூலை 2. மொரித்தானியா கரைக்கு அப்பால் மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. கப்பல் தலைவர் இருபது வருடங்களுக்கு மேலாகக் கடலில் சரியாக வேலை பார்க்காதவர். மன்னராட்சி திரும்பியபோது செல்வாக்கால் பதவி வாங்கியவர். படகுகள் போதவில்லை. சுமார் 147 பேரை அவசரமாகக் கட்டிய ஒரு தெப்பத்தில் ஏற்றி, படகுகளால் இழுப்பதாகச் சொன்னார்கள். கொஞ்ச தூரத்தில் கயிற்றை விட்டுவிட்டார்கள். 13 நாள் கழித்து ஆர்கஸ் என்ற கப்பல் தெப்பத்தைக் கண்டபோது 15 பேர் உயிரோடு இருந்தார்கள். இடையில் கொலை, பைத்தியம், மனித மாமிசம் எல்லாம் நடந்திருந்தது.

தெயோடோர் ஜெரிக்கோவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. செய்தியைப் படித்ததோடு நிற்கவில்லை. பிழைத்தவர்களான கொரெயார், சவினி இருவரையும் தேடிப் பேசினார். தெப்பத்தில் இருந்த தச்சரைக் கொண்டே அதன் சிறு மாதிரி ஒன்றைச் செய்யவைத்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சாகிறவர்களின் முகத்தையும் பிணங்களின் தோல் நிறத்தையும் வரைந்து பழகினார். 1819 சலானில் படம் ‘கப்பல் விபத்துக் காட்சி’ என்ற பொத்தாம்பொதுவான தலைப்பில் மாட்டப்பட்டது. எந்தக் கப்பல் என்று சொல்ல வேண்டிய அவசியம் பாரிஸில் யாருக்கும் இல்லை.

ஹொராத்தியரைப் பார்த்த கண்ணோடு இங்கே வாருங்கள். தரை என்று எதுவும் கிடையாது. தெப்பத்தின் மூலை ஒன்று நம் பக்கமாகத் துருத்திக்கொண்டு வருகிறது. அடுத்த அலையில் நாமும் அதில்தான். கீழே பிணங்கள், இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பெரியவர். அங்கிருந்து உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வலப்பக்கம் மேலே ஏறுகின்றன. உச்சியில் முதுகு காட்டி நின்று துணியை வீசும் கறுப்பின மனிதர். அடிமை வியாபாரம் குறித்து ஐரோப்பா சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நம்பிக்கையின் உச்சியில் ஜெரிக்கோ நிறுத்தியது அவரை. அவர் துணி வீசுவது அடிவானத்தில் கடுகு அளவு தெரியும் கப்பலைப் பார்த்து. திரையில் பெரிதாக்கினால்தான் ஆர்கஸ் கண்ணில் படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாய்மரத்தைக் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது? இடப்பக்கம். ஆட்கள் வலப்பக்கம் எட்டுகிறார்கள், தெப்பம் எதிர்த்திசையில் போகிறது. இந்த இழுபறியில்தான் முழுப்படமும் நிற்கிறது.

முன்னால் குப்புறக் கிடக்கும் இளைஞனுக்கு மாடலாகப் படுத்தவர் டெலக்ருவா. அப்போது அவர் இளம் ஓவியர். ஜெரிக்கோ 1824-ல் 32 வயதில் இறந்தார். இந்த வழி டெலக்ருவா கைக்கு வந்தது.

டேவிட்டுக்கும் ஜெரிக்கோவுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டுமென்றால் டேவிட்டின் சீடர் க்ரோ 1804-ல் வரைந்த ‘யாஃபாவின் கொள்ளைநோய் மருத்துவமனையில் நெப்போலியன்’ படத்தைப் பாருங்கள். நடுவில் தளபதி, ஒழுங்கு, வெளிச்சம். ஓரமெல்லாம் நிழல், அம்மணமான நோயாளிகள், அழுகல். குருவின் பாடமும் மாணவனின் மனசும் ஒரே கேன்வாஸில் மல்லுக்கட்டுகின்றன.

படி 4: இரண்டு மரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

1793 ஜூலை 13 அன்று பத்திரிகையாளரும் புரட்சித் தலைவருமான மாராவை ஷார்லொத் கொர்தே குளியல் தொட்டியில் வைத்துக் குத்திக் கொன்றார். அதே வருடம் டேவிட் அதை வரைந்தார் (இன்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது). மாராவுக்குக் கடுமையான தோல் நோய். தொட்டியிலேயே உட்கார்ந்து எழுதியதற்குக் காரணம் அதுதான். படத்தில் தோல் மாசுமருவில்லாமல் இருக்கிறது. கொலைகாரி இல்லை. மேல் பாதி முழுக்க வெறும் இருட்டு. தொங்கும் கை, சிலுவையிலிருந்து இறக்கிய யேசுவின் கை. பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டியில் ‘மாராவுக்கு, டேவிட்’ என்று எழுத்து. பெட்டி கல்லறைக்கல் ஆகிவிட்டது. பிரச்சாரம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த வெறுமையான மேல் பாதியை வரையத் துணிச்சல் வேண்டும்.

இப்போது கோயாவின் ‘1808 மே 3’. மே 2-ல் மாட்ரிட் மக்கள் நெப்போலியனின் படைக்கு எதிராக எழுந்தார்கள். அன்று இரவும் மறுநாள் விடியலுமாகப் பிடிபட்டவர்களைச் சுட்டார்கள். கோயா 1814-ல் வரைந்தார், படம் பிராடோவில். தரையில் ஒரு பெரிய சதுர விளக்கு, வெளிச்சம் முழுக்க அதிலிருந்துதான். அறிவொளி என்று ஐரோப்பா கொண்டாடிய வெளிச்சம் இங்கே சுடுகிறவனுக்குக் குறிபார்க்க உதவுகிறது. சிப்பாய்களுக்கு முகமே இல்லை. முதுகும் துப்பாக்கியும் மட்டும். எதிரே வெள்ளைச் சட்டைக்காரன் கைகளை விரித்து மண்டியிட்டிருக்கிறான். எழுந்து நின்றால் எல்லோரையும்விடப் பெரிய உருவம். வலது உள்ளங்கையில் ஆணித்தழும்பு போல ஒரு குறி.

இரண்டு பேருமே கிறிஸ்துவின் உடல்மொழியைக் கடன் வாங்குகிறார்கள். டேவிட் நம்மை அஞ்சலி செலுத்த நிறுத்துகிறார். கோயா நிறுத்தும் இடம் சுடுகிற வரிசைக்கு அருகே, பக்கவாட்டில். அடுத்து சுடப்படப் போகிறவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு நம் கண் எதிரே ஏறி வருகிறார்கள்.

படி 5: கோடா, நிறமா?

1824 சலானில் ஆங்க்ர், ‘பதின்மூன்றாம் லூயியின் வேண்டுதல்’ படத்தை வைத்தார். டெலக்ருவா, துருக்கியப் படை கிரேக்கத் தீவொன்றில் நடத்திய கொலைகளை ‘கியோஸ் படுகொலை’யாக வைத்தார். அதிலிருந்து பத்திரிகைகள் இருவரையும் எதிரெதிர் அணித் தலைவர்களாக்கின. 1827-ல் மறுபடி: ஆங்க்ரின் ‘ஹோமரின் முடிசூட்டல்’ ஒரு பக்கம், டெலக்ருவாவின் ‘சர்தனபாலின் மரணம்’ மறுபக்கம். முதலாவதில் கவிஞர்களும் ஓவியர்களும் கிரேக்கக் கோயில் படியில் குரூப் போட்டோவுக்கு நிற்கிறார்கள். மரியாதையான படம், எனக்கு அதில் தூக்கம்தான் வருகிறது. இரண்டாவதில், தோற்றுப்போன அசீரிய மன்னன் தன் பெண்களையும் குதிரைகளையும் கொல்லச் சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறான். சிவப்பு விரிப்பு அருவி போலக் கீழே வழிகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டு படங்களையும் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். ஆங்க்ர் அப்படியே நிற்பார். விளிம்புக் கோடு ஒன்றுகூடக் கலங்காது. சர்தனபால் குழம்பிப்போகும், ஏனென்றால் எது முன்னால், எது பின்னால் என்பதை டெலக்ருவா நிறத்தால்தான் சொல்லியிருக்கிறார். ‘வரைதல்தான் கலையின் நேர்மை’ என்று ஆங்க்ர் சொன்னதன் அர்த்தம் இப்போது பிடிபடும்.

ஆனால் ஆங்க்ரின் கோடு உண்மைக்கு விசுவாசமானது என்று நினைத்துவிடாதீர்கள். 1814-ல் வரைந்த ‘பெரிய ஓடலிஸ்க்’ (ஓடலிஸ்க் என்றால் அந்தப்புரத்துப் பெண்) பெண்ணின் முதுகைப் பாருங்கள். மூன்று முள்ளெலும்பு அதிகம் என்று அந்தக் காலத்து விமர்சகர்களே கிண்டலடித்தார்கள். முதுகின் வளைவு அழகாக ஓட வேண்டும் என்பதற்காக எலும்பைக் கூட்டியவர் எந்த அணி? பெட்டி இங்கேயே உடைகிறது.

டெலக்ருவாவின் ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ எல்லோருக்கும் தெரிந்த படம். 1830 ஜூலை 27, 28, 29 மூன்று நாள் எழுச்சி, மன்னர் பத்தாம் சார்லஸ் ஓட்டம், அதே வருடம் படம். இது 1789 புரட்சி என்று நினைப்பது ரொம்பப் பரவலான தவறு. கொடியைத் தாண்டிக் கீழே பாருங்கள்: இடப்பக்கம் கிடக்கும் பிணத்துக்குக் கால்சட்டை இல்லை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ். உடைமையைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். புகழ்ச்சிப் படத்தில் இதை யாரும் வைக்க மாட்டார்கள். அரசாங்கம் 1831-ல் 3,000 பிராங்குக்கு வாங்கியது, சீக்கிரமே கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டது.

படி 6: சிலையைச் சுற்றி நடந்து பாருங்கள்

சிலையை ஒரே கோணத்தில் புகைப்படத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படிதான் கஷ்டம். கனோவாவின் ‘கியூபிட் முத்தத்தால் உயிர்பெறும் சைக்கி’ (1787–93, லூவ்ர்; கியூபிட் காதல் கடவுள், சைக்கி அவன் காதலி) முன்னாலிருந்து பார்த்தால் விரித்த சிறகும், வட்டமாகப் பின்னிய நான்கு கைகளும். பின்பக்கம் போனால்தான் கதை தெரியும்: சைக்கி திறக்கக்கூடாத குப்பி அங்கே கிடக்கிறது, அவள் மயங்கியதே அதனால்தான். கனோவாவே நம்மைச் சுற்ற வைக்க நினைத்தார். சிலையைத் திருப்புவதற்கான கைப்பிடி அடியில் இன்னும் இருக்கிறது. சிறகைச் செதுக்கியிருக்கும் மென்மைக்கு, பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் பளிங்குக்குள்ளேயே ஊடுருவி ஒளிரும்.

அவர் வேலை செய்த முறையும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சின்னக் களிமண் உரு, பிறகு முழு அளவில் களிமண், அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு. வார்ப்பில் நூற்றுக்கணக்கில் சின்ன உலோக முனைகளை அடித்து, ஒவ்வொரு முனையின் ஆழத்தையும் அளந்து பளிங்குக்கு மாற்றுவார்கள். முரட்டு வேலையை உதவியாளர்கள் முடிப்பார்கள். கடைசித் தோலை மட்டும் கனோவா தன் கையால் எடுப்பார், மெழுகுவத்தி வெளிச்சத்தில்கூட. அவர் பிறந்த ஊரான வெனெத்தோவின் போசாஞ்ஞோவில் அந்தப் பிளாஸ்டர் வார்ப்புகள் முனைகளோடு இன்றும் இருக்கின்றன. பளபளக்கும் பளிங்கைவிட அவற்றில்தான் சிற்பி என்ன யோசித்தார் என்பது தெரிகிறது.

கனோவா சறுக்கிய இடமும் உண்டு. நெப்போலியனைப் போர்க்கடவுள் மார்ஸாக, 3.4 மீட்டர் உயரத்தில், துணியில்லாமல் செதுக்கினார். 1811-ல் பாரிஸ் வந்ததும் நெப்போலியனுக்குப் பிடிக்கவில்லை. உடம்பு தன்னுடையது இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். மறைத்து வைத்தார்கள். வாட்டர்லூவுக்குப் பிறகு பிரிட்டன் வாங்கி, தோற்கடித்த வெலிங்டனுக்கே பரிசாகக் கொடுத்தது. லண்டனில் வெலிங்டனின் ஆப்ஸ்லி மாளிகையில், மாடிப்படிக்குக் கீழே இன்றும் நிற்கிறது.

ரொமான்டிக் சிற்பம் என்றால் எதைக் காட்டுவது என்று பலர் தடுமாறுவார்கள். பாரிஸின் ஆர்க் த த்ரியோம்ஃப் போங்கள். நெப்போலியன் 1806-ல் ஆரம்பித்து 1836-ல்தான் முடிந்த வெற்றி வளைவு. சாம்ஸ் எலிசே பக்கம் நின்று பார்த்தால் இரண்டு தூண்களிலும் இரண்டு சிற்பத் தொகுதிகள். இடது தூணில் கொர்த்தோ செதுக்கியது: ரோமானிய உடையில் அசையாமல் நிற்கும் நெப்போலியன், முடிசூட்டும் வெற்றித் தேவதை, மண்டியிட்ட நகரம். வலது தூணில் பிரான்சுவா ரூட் செதுக்கியது: ‘1792 தொண்டர்களின் புறப்பாடு’. மேலே சிறகு விரித்த பெண் வாயை அகலத் திறந்து கத்துகிறாள்; கீழே கூட்டம் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக் கிளம்புகிறது. ஒரே கல், ஒரே கட்டடம், ஒரே வருடங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் நின்றால் ஒரு பருவம் படித்த மாதிரி.

நம் ஊரிலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. சென்னையில் தீவுத்திடல் பக்கம் மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை, லண்டன் சிற்பி ஃபிரான்சிஸ் சான்ட்ரி வார்த்தது. கால் வைக்கும் அங்கவடி இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அவரே செய்த, லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜின் குதிரையிலும் அங்கவடி கிடையாது. ரோமில் இருக்கும் பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸின் பழைய வெண்கலக் குதிரையிலும் கிடையாது. மறதி என்ற கதையைவிட, மன்றோ ரோமானியராக உட்கார்ந்திருக்கிறார் என்பதே பொருந்துகிறது. தஞ்சாவூர் போனால் சிவகங்கைப் பூங்காவில் உள்ள ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில், ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் பாதிரியார் ஷ்வார்ட்ஸ், கையைப் பிடித்தபடி சரபோஜி மன்னர். செய்யச் சொன்னவரும் சரபோஜியேதான். நியோகிளாசிக்கல் புடைப்புச் சிற்பத்தின் அடக்கமான துக்கத்தை இதைவிடப் பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

படி 7: மனிதர் சுருங்கும் நிலக்காட்சிகள்

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷின் ‘கடலோரத் துறவி’ (1808–10, பெர்லின்) படத்தில் மணல், கடல், வானம் என்று மூன்று பட்டைகள், வானமே பெரும்பகுதி. ஓரமாக ஒரு சின்ன உருவம். கப்பல்களை முதலில் வரைந்து பிறகு அழித்துவிட்டார். கண் இமையையே வெட்டி எடுத்துவிட்டது போல இருக்கிறது என்று எழுத்தாளர் கிளைஸ்ட் எழுதினார். அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. மூன்றாவது கேள்விக்கு ஃப்ரீட்ரிஷின் பதில் நேரடியானது: முதுகு காட்டும் ஒரு ஆளை வைத்து, அவருக்குப் பின்னால் நம்மை நிறுத்திவிடுகிறார். ‘மூடுபனிக் கடலுக்கு மேல் பயணி’யும் அப்படித்தான்.

ஆங்கிலேய ஓவியர் டர்னரிடம் நிற்க இடமே கிடையாது. 1844-ன் ‘மழை, நீராவி, வேகம்’ படத்தில் தேம்ஸ் மேல் உள்ள மெய்டன்ஹெட் பாலத்தில் ரயில் நம்மை நோக்கி வருகிறது. தண்டவாளத்தில் இஞ்சினுக்கு முன்னால் ஒரு முயல் ஓடுகிறது, மங்கலாக. தேடிக் கண்டுபிடியுங்கள். ‘டெமரேர்’ படத்தில் டிராஃபால்கர் கடற்போரில் சண்டை போட்ட கப்பலை ஒரு கறுப்பு நீராவிப் படகு உடைக்க இழுத்துப் போகிறது. நிஜத்தில் பாய்மரங்களை அதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள், டர்னர் திரும்ப மாட்டிவிட்டார். இன்னொரு ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’ அமைதியான படம்தான், ஆனால் 1824 பாரிஸ் சலானில் தங்கப் பதக்கம் வாங்கியது. அவர் இலைகளில் பச்சையை உடைத்துத் தீட்டியதைப் பார்த்துவிட்டு டெலக்ருவா தன் கியோஸ் படத்தில் மறுபடி கை வைத்தார்.

படி 8: கட்டடத்தில் தூணையும் படியையும் படியுங்கள்

முதலில் தூண். அடிப்பீடம் இல்லாமல், மேலே எளிய தட்டு மட்டும் என்றால் கிரேக்க டோரிக். தலையில் இரண்டு சுருள் என்றால் அயோனிக். இலைக்கொத்து என்றால் கொரிந்திய வகை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியமும் பெர்லின் ஆல்டெஸ் மியூசியமும் அயோனிக். பாரிஸ் பந்தேயோன் கொரிந்திய வகை. பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் (1788–91) ஏதென்ஸ் அக்ரோபோலிஸின் நுழைவாயிலைப் பார்த்துக் கட்டியது. அதன் மேலிருந்த நாலு குதிரைத் தேரை 1806-ல் நெப்போலியன் பாரிசுக்குத் தூக்கிப்போனார். 1814-ல் திரும்பி வந்தது.

பந்தேயோன் தேவாலயமாக ஆரம்பித்த கட்டடம். சூஃப்லோ வடிவமைத்தபோது பெரிய ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் கொட்டியது. 1791-ல் புரட்சி அரசு அதைத் தேசத்தலைவர்களின் சமாதியாக மாற்றி, கீழ்வரிசை ஜன்னல்களை அடைத்துவிட்டது. இன்று வெளிச்சுவரின் வெறுமையைப் பார்த்து ‘என்ன கம்பீரம்’ என்கிறோம். அந்தக் கம்பீரத்தில் பாதி செங்கல் வைத்து அடைத்ததால் வந்தது.

ஷிங்கெலின் ஆல்டெஸ் மியூசியம் (1830-ல் திறப்பு) எனக்கு இந்தக் காலத்தின் மிகச் சிறந்த கட்டடம். 18 தூண்கள், அகலமான படி, உள்ளே வெளியிலிருந்து ஊகிக்கவே முடியாத வட்டக் குவிமாட மண்டபம். மாடிப்படியைத் தூண்களுக்குப் பின்னால் திறந்தவெளியாக வைத்தார். ஏறும்போது திரும்பிப் பார்த்தால் நகரமும் ஒரு காட்சிப்பொருள். முன்பே சொன்ன அவருடைய ஃப்ரீட்ரிஷ்வெர்டர் தேவாலயத்தைச் செங்கல்லில் கோதிக்காகக் கட்டினார். அதே வேலைக்கு கிரேக்க-ரோமானிய பாணியிலும் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். பாணி என்பது வாடிக்கையாளர் தேர்வு செய்வதாகிவிட்டது.

சென்னை ராஜாஜி மண்டபத்தின் அகன்ற படிகளும் இதே குடும்பம்தான். 1802-ல், திப்புவை வென்றதன் நினைவாக, வானியலாளர் கோல்டிங்ஹாம் கட்டினார். பிறகு நிறைய மாற்றிவிட்டார்கள்.

கோதிக் மறுமலர்ச்சிப் பக்கம் வந்தால் கூர்வளைவு, கோபுரம், நிழல். ஆங்கிலேய எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1749 முதல் இழைத்து இழைத்துக் கட்டிய ஸ்ட்ராபெரி ஹில் வீட்டில், கூடத்தின் கோதிக் விதானம் காகிதக் கூழால் ஆனது. வேடிக்கையாக ஆரம்பித்த விஷயம்தான். 1834 அக்டோபர் 16-ல் லண்டன் நாடாளுமன்றம் எரிந்து, புதியதைக் கோதிக் பாணியில்தான் கட்ட வேண்டும் என்றானபோது அது தேச அடையாளமாகிவிட்டது. சார்லஸ் பாரி திட்டம் போட, பியூஜின் அலங்காரத்தைக் கவனித்தார். ஆற்றுப்பக்க முகப்பைப் பார்த்து பியூஜினே அலுத்துக்கொண்டார்: எல்லாம் கிரேக்கம், அதன்மேல் டியூடர் (பழைய ஆங்கிலேயப் பாணி) நகை. தேம்ஸ் எதிர்க்கரையில் நின்று பாருங்கள், அவர் சொன்னது சரி. இடமும் வலமும் அப்படியே சமம். உள்ளுக்குள் அது நியோகிளாசிக்கல் கட்டடம்தான்.

1248-ல் ஆரம்பித்துப் பாதியில் நின்ற கொலோன் பேராலயத்தை 1842-ல் மறுபடி தொடங்கி 1880-ல் முடித்ததும், கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தூக் பாரிஸின் நோத்ருதாம் பேராலயத்தைப் புதுப்பித்ததும் இதே அலைதான். ஜெர்மனியின் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை (1869-ல் ஆரம்பம்) ரொம்பப் பின்னால் வந்தது. அதன் தோற்றத்தை வரைந்தவர் மேடைக் காட்சி ஓவியர். அழகான அரங்க அமைப்பு என்று ரசிக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 9: பயணம் போகிறவர்களுக்கு

பாரிஸ் போனால் லூவ்ரின் டெனான் பகுதியில் முதல் மாடி. டேவிட்டும் ஆங்க்ரும் இருக்கும் தாரு கூடமும், ஜெரிக்கோவும் டெலக்ருவாவும் இருக்கும் மொலியன் கூடமும் அடுத்தடுத்து, நடுவில் ஒரே ஒரு அறை. கூட்டம் முழுக்க மோனாலிசாவை நோக்கி ஓடும். நீங்கள் தாருவில் தொடங்கி மொலியனில் முடியுங்கள், திரும்பி இன்னொரு முறை ஹொராத்தியரிடம் வாருங்கள். செவ்வாய்க்கிழமை லூவ்ர் விடுமுறை. லண்டனில் நேஷனல் கேலரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. டர்னரும் கான்ஸ்டபிளும் அங்கேயே. டர்னர் மட்டும் வேண்டுமென்றால் டேட் பிரிட்டன். கோயாவுக்கு மாட்ரிட் பிராடோ, அதில் அவர் வயதான காலத்தில் தன் வீட்டுச் சுவரிலேயே தீட்டிய கறுப்பு ஓவியங்களையும் விட்டுவிடாதீர்கள். ஃப்ரீட்ரிஷின் ‘பயணி’ ஹாம்பர்க்கில்.

கிளம்புவதற்கு முன் நீங்கள் தேடிப் போகும் படம் அங்கே இருக்கிறதா என்று அருங்காட்சியகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டெலக்ருவாவின் ‘சுதந்திரம்’ படமே சுத்தம் செய்வதற்காகச் சுவரிலிருந்து இறங்கி 2024 மே மாதம்தான் திரும்பி வந்தது. பழைய வார்னிஷ் போன பிறகு வானத்தின் நீலமும் புகையின் சாம்பலும் தனித்தனியாகத் தெரிகின்றன; அதற்கு முன் எடுத்த புகைப்படங்களில் எல்லாமே மஞ்சளடித்திருக்கும். திரையில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது படம் எந்த வருடம் எடுத்தது என்பதையும் கவனியுங்கள்.